அந்த கிச்சன்ல இருந்த மூணு பேரு

கேள்வி இதுதான்: "தி மெம்பர் ஆஃப் தி வெட்டிங் படிச்சு முடிச்சேன். பாதி நாவல் கிச்சன்ல உக்காந்து சீட்டாடிட்டு பேசிட்டே போகுது, கல்யாணம் சில பக்கத்துல முடிஞ்சிடுது. தனக்குன்னு ஒரு இடம் தேடுற பொண்ணோட கதைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அந்த இடம் கடைசில அவளுக்குக் கிடைச்சுதா இல்லையா? எனக்குப் புரியல."

கிடைச்சுதுன்னுதான் நான் சொல்வேன். முதல் பக்கத்துலயே அது அவ பக்கத்துல உக்காந்திருக்கு, அவதான் அதை வேணாம்னு தள்ளிட்டு வேற எங்கயோ ஓடப் பாக்குறா. அது கையை விட்டுப் போறப்பகூட அவளுக்கு முழுசா உறைக்கல, படிக்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்குது. ஏன் இப்படி சொல்றேன்னு கொஞ்சம் நீட்டியே எழுதுறேன், ஏன்னா இந்த நாவலை வகுப்புல பல வருஷம் எடுத்திருக்கேன், ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் இதே கேள்வியைக் கேப்பாங்க, நானும் பத்தொம்போது வயசுல முதல் தடவ படிச்சப்ப கல்யாணம் எப்ப வரும் எப்ப வரும்னு பக்கத்தைப் புரட்டிட்டு, வந்ததும் இவ்ளோதானான்னு மூடி வச்சவதான்.

படிக்காதவங்களுக்கு கதை சுருக்கமா. எழுதினவங்க கார்சன் மெக்கல்லர்ஸ், 1917ல அமெரிக்காவோட தெற்குப் பக்கம் ஜார்ஜியா மாநிலம் கொலம்பஸ் ஊர்ல பொறந்தவங்க, இந்த நாவல் 1946ல வந்துச்சு. கதை நடக்குறது ரெண்டாம் உலகப் போர் சமயம், ஒரு ஆகஸ்ட் மாசக் கடைசி, கொளுத்துற வெயில், வீட்ல ரேடியோ அணைக்காம ஓடிட்டே இருக்கு. ஃப்ரான்கி ஆடம்ஸ்க்குப் பன்னெண்டு வயசு. அவ பொறந்த அன்னிக்கே அம்மா செத்துப் போயிட்டாங்க, அப்பா நகைக்கடைல வாட்ச் ரிப்பேர் பாத்துட்டு ராத்திரிதான் வருவார். பகல் முழுக்க அவளோட இருக்குறது ரெண்டே பேர்தான்: சமையல் வேலை பாக்குற பெரனிஸ்ங்கிற கறுப்பினப் பெண், அவங்களுக்கு ஒரு கண்ணு நீலக் கண்ணாடிக் கண்ணு, அப்புறம் ஜான் ஹென்றிங்கிற ஆறு வயசு சொந்தக்காரப் பையன். பட்டாளத்துல இருக்குற அண்ணன் ஜார்விஸ், ஜானிஸ்ங்கிற பொண்ணை ஞாயித்துக்கிழமை கட்டிக்கப் போறான். கல்யாணம் முடிஞ்சதும் அவங்க ரெண்டு பேரோட தானும் கிளம்பிப் போயிடலாம், இனிமே மூணு பேரும் ஒண்ணு, அப்படின்னு இவளா முடிவு பண்ணிக்கிறா. கிட்டத்தட்ட மொத்தக் கதையும் அந்த மூணு நாள்தான்.

அந்த வயசுல ஒரு பொண்ணுக்கு என்னென்ன பறிபோகுதுன்னு மெக்கல்லர்ஸ் எண்ணி எண்ணி வைக்கிறாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே வருஷத்துல நாலு அங்குலம் வளந்துட்டா, இப்ப அஞ்சடி அஞ்சே முக்கால் அங்குலம், இதே வேகத்துல போனா பதினெட்டு வயசுல ஒம்போது அடிக்கு மேல இருப்பேன்னு கணக்குப் போட்டு நடுங்குறா. முன்னாடி திராட்சைப் பந்தலுக்கு அடில நாடகம் போட்டு விளையாடுவா, இப்ப அதுக்குள்ள நுழைய முடியல, தலை இடிக்குது. அவளை விட ஒண்ணு ரெண்டு வயசு பெரிய பொண்ணுங்க ஒரு கிளப் வச்சிருக்காங்க, சனிக்கிழமை ராத்திரி பார்ட்டி நடக்கும், இவளை சேத்துக்கல. எல்லாத்தையும் விட கொடுமை, அப்பாவோட ஒரே கட்டில்ல தூங்கிட்டிருந்தவகிட்ட ஒருநாள் அவர் கேலியா சொல்லிடுறார், இவ்ளோ நீளக் கால் வச்சிட்டு இன்னும் அப்பா பக்கத்துல படுக்கணுமான்னு. அன்னிலேர்ந்து மாடில தனியா படுக்கை. அப்பா நல்ல மனுஷன்தான், அந்த ஒரு வார்த்தை என்ன பண்ணுச்சுன்னு அவருக்கே தெரியாது.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். நாவலோட நடு நரம்பு "வீ" (we)ங்கிற சின்ன இங்கிலீஷ் சொல்லுதான். ஃப்ரான்கி யோசிக்கிறா, உலகத்துல எல்லாருக்கும் சொல்லிக்க ஒரு "வீ" இருக்கு, பெரனிஸுக்கு அவங்க குடும்பம் இருக்கு, சர்ச் இருக்கு, அப்பாவுக்குக் கடை இருக்கு, பட்டாளத்துக்காரங்களுக்குப் பட்டாளம், சங்கிலி போட்டு ரோட்டு வேலை செய்யிற கைதிங்களுக்குக் கூட அவங்க ஆளுங்க, தனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல, வெறும் "நான்"தான் இருக்குன்னு. அண்ணனும் அண்ணியும்தான் என்னோட அந்த "வீ"ன்னு அவளுக்குத் தோணுற நிமிஷம்தான் கதையோட முதல் பெரிய திருப்பம்.

நம்ம பாஷைல இதப் படிக்கிறவங்களுக்கு ஒரு சவுகரியம் இருக்கு. நமக்கு "நாம"ன்னு ஒண்ணு, "நாங்க"ன்னு ஒண்ணு, ரெண்டும் வேற வேற. எதிர்ல நிக்கிற ஆளையும் சேத்து சொன்னா நாம, அந்த ஆளை வெளிய நிறுத்திட்டு சொன்னா நாங்க. வீட்ல யாராவது "நாங்க சினிமாவுக்குப் போறோம்"னு சொன்னா குழந்தைக்குக் கூட தெரிஞ்சிடும் தன்னை விட்டுட்டுப் போறாங்கன்னு, மூஞ்சி சுருங்கிடும். இங்கிலீஷ்ல அந்த வாசல் கெடையாது, ரெண்டுக்கும் ஒரே சொல்லு. ஜார்விஸும் ஜானிஸும் வாயத் தொறந்தா அது "நாங்க", கல்யாணம் பண்ணிக்கப் போற எந்த ஜோடிக்கும் அது அப்படித்தான், அதுல ஒரு தப்பும் இல்ல. இவ காதுல அது "நாம"ன்னு விழுது. ஃப்ரான்கியோட மொத்த ஏமாற்றமும் இந்த ரெண்டு சொல்லுக்கு நடுவுல இருக்குற சந்துலதான் நடக்குதுன்னு நான் வகுப்புல சொல்வேன், சொன்னதும் பிள்ளைங்க முகத்துல ஒரு வெளிச்சம் வரும்.

அந்த யோசனை ஓடுற எடத்துலயே அவ இன்னொண்ணும் நினைக்கிறா, அவசரமாப் படிச்சா தவறிடும். தனக்கும் இந்தக் கோடைல ஒரு "நாம" இருக்கத்தான் செய்யுது, தான், ஜான் ஹென்றி, பெரனிஸ், ஆனா உலகத்துலயே தனக்கு வேண்டாத "நாம" அதுதான்னு நினைக்கிறா. உங்க கேள்விக்கு பதில் அந்த ஒரு வரிக்குள்ளயே இருக்குன்னு நான் நம்புறேன். அவகிட்ட இருக்கு. ஒரு சமையக்காரம்மா, ஒரு பொடியன், வேர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, ஜான் ஹென்றி கிறுக்கி வச்ச சுவரு, அதெல்லாம் ஒரு இடமான்னு அவளுக்குத் தோணுது, அவ கேக்குறது உலகம் பூரா.

உண்மையிலயே உலகம் பூராதான் கேக்குறா. போருக்கு ரத்தம் குடுக்கணும்னு ஆசைப்படுறா, வாரத்துக்கு ஒரு குவார்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு லிட்டர்! ஆஸ்திரேலியாக்காரன், பிரெஞ்சுக்காரன், சீனாக்காரன் எல்லார் நரம்புலயும் தன் ரத்தம் ஓடும், அப்ப அவங்க எல்லாரும் தனக்கு நெருங்குன சொந்தம் ஆயிடுவாங்கன்னு கற்பனை. வயசு பத்தாதுன்னு ரெட் கிராஸ்ல வேணாம்னுட்டாங்க. இத வாசிச்சு சிரிக்கிறவங்க இருக்காங்க, எனக்கு சிரிப்பு வராது, எவ்ளோ தனியா இருந்தா ஒரு குழந்தை ரத்தத்தைக் குடுத்து சொந்தம் வாங்கப் பாக்கும்னுதான் தோணும். பத்தடி தூரத்துல பெரனிஸ் அவளுக்கு சோறு வடிச்சிட்டு இருக்காங்க.

வகுப்புல நான் ஒரு வேலை குடுப்பேன், நீங்களும் செஞ்சு பாருங்க. ரெண்டாவது பகுதில அந்த சனிக்கிழமை சாப்பாட்டை எடுத்துக்கங்க, நாவல்லயே நீளமான காட்சி அதுதான், மத்தியானம் ஆரம்பிச்சு இருட்டுற வரைக்கும் போகும், சாப்பிடுவாங்க, நிறுத்துவாங்க, பேசுவாங்க, மறுபடி சாப்பிடுவாங்க. அதுல யாராவது யாரையாவது தொடுற எடம், யாரோட பழக்கம் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்குற எடம், இத மட்டும் பென்சில்ல கோடு போடுங்க. என்ன பேசுறாங்கன்னு பாக்காதீங்க. பக்கம் பூரா கோடாயிடும்.

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்ச ஒரு எடம் இருக்கு. அன்னிக்கு சாப்பாடு ஹாப்பிங் ஜான், அரிசியும் காராமணி மாதிரி பயறும் சேத்து செய்யிறது, அந்தப் பக்கத்துல எளிய வீட்டு சாப்பாடு. ஃப்ரான்கிக்கு அதுன்னா உயிர். நான் செத்துட்டேன்னு பொட்டில வச்சா அடக்கம் பண்றதுக்கு முன்னாடி ஒரு தட்டு ஹாப்பிங் ஜானை மூக்குகிட்ட ஆட்டிப் பாருங்க, மூச்சு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் எழுந்து உக்காந்து சாப்பிடுவேன், எழுந்திருக்கலன்னா ஆணி அடிச்சிடுங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா. பெரனிஸ் தனக்கு பொரிச்ச மீனுன்னு சொல்லியிருக்காங்க, ஜான் ஹென்றிக்கு ஒரு இனிப்பு மிட்டாய். மூணு பேரும் தன்தன் சாவை மத்த ரெண்டு பேர்கிட்ட ஒப்படைச்சு வச்சிருக்காங்கன்னு இதுக்கு அர்த்தம், உனக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும், கடைசி நேரத்துல நான் பக்கத்துல இருப்பேன்னு அர்த்தம். இதை விட நெருக்கமா ஒருத்தரோட எப்படி இருக்குறது? ஆனா மெக்கல்லர்ஸ் இதுக்கு பாசம்னு பேர் வைக்கல, ஒரு வெளையாட்டுப் பேச்சு மாதிரி போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுறாங்க. பின்னாடி ஜான் ஹென்றிக்கு என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுட்டு திரும்ப வந்து இந்தப் பத்தியைப் படிச்சா தாங்க முடியாது.

அதே சாயங்காலம் பக்கத்து வீட்ல ஒருத்தன் பியானோ சுதி சேத்துட்டு இருக்கான், ஒவ்வொரு கட்டையா ஏறிப் போயி ஏழாவது ஸ்வரத்துல நிறுத்திடுறான், மேல் ஸ்வரம் வரவே மாட்டேங்குது. கேட்டுட்டிருக்குற மூணு பேருக்கும் உடம்பே ஒரு மாதிரி ஆகுது. இருட்டு கவியுது, லைட் போடல. ஃப்ரான்கி பேசிட்டே கிச்சனை சுத்தி சுத்தி வரா, வார்த்தை கோர்வையா வரல, பெரனிஸ் அவளைப் பிடிச்சு இழுத்து மடில உக்கார வச்சுக்கிறாங்க. அவ்ளோ ஒசரமான பொண்ணு, காலெல்லாம் வெளிய நீட்டிட்டு இருக்கு, கழுத்துல மூஞ்சியைப் புதைச்சுக்குறா, ரெண்டு பேருக்கும் வேர்வை. ஒரு கால் நடுங்குது, கால் விரலைத் தரைல ஊனினதும் நடுக்கம் நிக்குது. இந்த விரல் தரைல ஊனுற விஷயத்தைப் பாருங்க, ஒரு குழந்தைக்கு நிதானம் வர்றது எப்படின்னு இவ்ளோ கிட்டத்துல யாரு பாத்து எழுதுவாங்க! அப்பா கட்டில்லேர்ந்து எறக்கி விட்ட அதே நீளக் காலுதான் இங்க ஒருத்தர் மடில இருக்கு, ரொம்ப வளந்துட்டேன்னு பெரனிஸ் தள்ளிவிடல.

அந்த மடில வச்சுட்டேதான் பெரனிஸ் பேசுறாங்க, நாம எல்லாரும் ஏதோ ஒண்ணுல மாட்டிக்கிட்டுதான் பொறக்குறோம், நீ ஃப்ரான்கியா மாட்டிக்கிட்ட, நான் பெரனிஸா மாட்டிக்கிட்டேன், அதுக்கு மேல கறுப்பா இருக்குறதால எனக்கு இன்னொரு வேலியும் தனியா போட்டு வச்சிருக்காங்கங்கிற அர்த்தத்துல. கொஞ்ச நேரத்துல மூணு பேரும் ஒரே சமயத்துல அழ ஆரம்பிக்கிறாங்க. ஒருத்தருக்கும் காரணம் சரியாத் தெரியாது. ஜான் ஹென்றிக்குப் பொறாமை, ஆனா கேட்டா சுவத்துக்குப் பின்னாடி எலி இருந்துச்சு, அதான் அழுதேங்குறான். பெரனிஸ் தன் இனத்து மக்களை நெனச்சு அழுதாங்களோ, செத்துப்போன முதல் புருஷன் லூடியை நெனச்சு அழுதாங்களோ, இல்ல ஃப்ரான்கியோட எலும்பு மடில குத்துனதாலயோ. ஃப்ரான்கி, ஒட்ட வெட்டுன முடியையும் அழுக்குப் பிடிச்ச முழங்கையையும் காரணமா சொல்றா. அப்புறம் ஆரம்பிச்ச மாதிரியே சட்டுன்னு நின்னு போகுது, அதுக்கப்புறம்தான் லைட் போடுறாங்க.

மூணு வேற வேற சோகம், ஒரே நேரத்துல, பேசி வச்சுக்கிட்ட மாதிரி. இதுக்குப் பேர்தான் "நாம". யாரும் அந்த சொல்லைச் சொல்லல. நாவல் முழுக்க "வீ" "வீ"ன்னு பொலம்புற பொண்ணு, அது நிஜமா நடக்குற எடத்துல அந்த சொல்லை மறந்து போயி மடில உக்காந்து அழுதுட்டு இருக்கா.

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். பெரனிஸ் அங்க சம்பளத்துக்கு வர்றவங்க. அவங்களுக்குன்னு வீடு இருக்கு, அம்மா இருக்காங்க, ஹனின்னு கூட வளந்த தம்பி இருக்கான், ஹார்ன் நல்லா வாசிக்கிற பையன், நிம்மதியில்லாதவன், அவன் கடைசில ஜெயிலுக்குப் போறான். ஒரு வெள்ளைக்கார வீட்டுக் குழந்தைக்கு மடி குடுத்த கறுப்பின அம்மாங்கிற உருவம் அமெரிக்க எழுத்துல ரொம்ப நாளா இருக்குறது, அதுல ஒரு அநியாயம் ஒளிஞ்சிருக்குன்னு சொல்றவங்க சொல்றது நியாயம்தான், நானும் ஒத்துக்குறேன். ஆனா மெக்கல்லர்ஸ் பெரனிஸை வெறும் மடியா விட்டு வைக்கல. அவங்களுக்கு ஒரு காதல் கதை குடுத்திருக்காங்க பாருங்க, லூடி போனதுக்கப்புறம் ஒருநாள் சர்ச்ல ஒரு கட்டைவிரலைப் பாக்குறாங்க, நசுங்கிப் போன லூடியோட கட்டைவிரல் மாதிரியே இருக்கு, அந்த விரலுக்காகவே அந்த ஆளைக் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் லூடியோட பழைய கோட்டைப் போட்டுட்டு வந்த இன்னொருத்தனை. போனவரோட துண்டு துண்டைத் தேடிப் போயி மோசமான ஆளுங்ககிட்ட மாட்டினாங்க, ஒருத்தன் கண்ணையே பிடுங்கிட்டான். இதை ஃப்ரான்கிகிட்ட சொல்றதே, ஒரு கல்யாணத்து மேல ஆசை வச்சு நீயும் இப்படித்தான் போயி விழப் போறன்னு எச்சரிக்கத்தான். தன் வாழ்க்கைலயே ஆழமான காயத்தை ஒரு பன்னெண்டு வயசுப் பிள்ளைக்குத் தொறந்து காட்டுறாங்க, சம்பளத்துல அது வராது.

கல்யாணம் சுருக்கமா முடியுதுன்னு வருத்தப்பட்டீங்க. அது அப்படித்தான் இருக்கணும். அங்க யாரும் அவளுக்குக் கெடுதல் பண்ணல, எல்லாரும் அன்பாத்தான் பேசுறாங்க, சின்னப் பொண்ணுன்னு தட்டிக் குடுக்குறாங்க, இவளுக்கு சொல்ல வந்தது வாயில வரல, கடைசில காருக்குள்ள உக்காந்தவளை வெளிய இழுக்க வேண்டியதாயிடுது, என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கத்துறா. அவ்ளோதான். ஒரு மத்தியானம் முழுக்க மெதுவா நகர்ந்த சாப்பாட்டுக்கு அத்தனை பக்கம், வாழ்க்கையே மாறப் போகுதுன்னு நெனச்ச விசேஷத்துக்கு சில பக்கம். எதுக்கு எவ்ளோ எடம் குடுத்திருக்காங்கங்கிறதுதான் எழுதினவங்களோட கருத்து, தனியா ஒரு வரி எழுதி வைக்கத் தேவையே இல்ல.

இந்தக் கதைக்கு விதை விழுந்ததே ஒரு வீட்லதான். 1940ல நியூயார்க் புரூக்ளின் பகுதில மிடா தெருவுல ஒரு வீட்ல கலைஞர்கள் பல பேர் சேந்து குடியிருந்தாங்க, கவிஞர் ஆடன் அதுல ஒருத்தர், மெக்கல்லர்ஸும் அங்க இருந்தாங்க. தேங்ஸ்கிவிங் பண்டிகை ராத்திரி சாப்பாடு முடிஞ்சு தீயணைப்பு வண்டி சத்தம் கேட்டு எல்லாரும் தெருவுல ஓடுறப்ப, மூச்சு வாங்க ஓடிட்டே இருந்தவங்களுக்கு சட்டுன்னு புரிஞ்சுது, ஃப்ரான்கிக்கு வேணும்கிறது அந்தக் கல்யாணத்துல சேந்துக்கறதுதான்னு. எழுதி முடிக்க அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1946 கோடைல நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ் கூட நான்டக்கெட் தீவுல ஒரு வீட்ல இருந்தப்ப, ஒரே மேஜையோட ரெண்டு முனைல ரெண்டு பேரும் உக்காந்து அவங்கவங்க எழுத்தை எழுதியிருக்காங்க, இதை நாடகமா மாத்துனது அங்கதான் ஆரம்பிச்சுது. அந்த நாடகம் 1950 ஜனவரில பிராட்வேல அரங்கேறி 501 தடவ நடந்துச்சு. ஒரே மேஜைல பேசாம உக்காந்து ரெண்டு பேரு எழுதுறதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வர்றது ஃப்ரான்கி வீட்டு கிச்சன் மேஜைதான்.

இப்ப கடைசிப் பகுதி. நவம்பர் மாசம். ஜான் ஹென்றி செத்துட்டான், மூளைக் காய்ச்சல், ரொம்ப வேதனைப்பட்டு. ஹனி ஜெயில்ல. பெரனிஸ் வேலையை விட்டு நிக்கப் போறாங்க, ஏன்னா ஃப்ரான்கியும் அப்பாவும் வீட்டை மாத்திட்டு வேற எடம் போறாங்க. ஃப்ரான்கி இப்ப ஃபிரான்சிஸ், பதிமூணு வயசு, மேரி லிட்டில்ஜான்னு ஒரு புது சினேகிதி கிடைச்சிருக்கா, அவ வரப்போறான்னு சாண்ட்விச்சை அழகழகா வெட்டிட்டு இருக்கா. சிலர் இதை சந்தோஷமான முடிவும்பாங்க, சினேகிதி கிடைச்சாச்சே, இடமும் கிடைச்சாச்சேன்னு. மேரியைக் குறை சொல்ல எனக்கும் ஒண்ணும் இல்ல, அந்த வயசுல ஒரு சினேகிதி பெரிய விஷயம். ஆனா என் கண்ணு பெரனிஸ்கிட்டதான் போகுது. அவங்க வேலை எதுவும் செய்யாம நாற்காலில உக்காந்திருக்காங்க, லூடி வாங்கிக் குடுத்த பழைய நரித்தோல் துண்டை மடில வச்சுட்டு. கிச்சனுக்கு வெள்ளையடிச்சு புதுசாக்கிட்டாங்க, சுவத்துல இருந்த கிறுக்கல் எதுவும் இல்ல, அந்தப் பையன் இருந்ததுக்கு அடையாளமே இல்ல. ஆனாலும் சில சமயம் அவன் அங்க நிக்கிற மாதிரி ஃபிரான்சிஸுக்குத் தோணும், ஒண்ணும் பேசாம, சாம்பல் நிறமா. அப்ப ஒரு அமைதி வரும். கோடைல சாப்பிட்டு முடிச்சு லைட் போடாம மூணு பேரும் உக்காந்திருந்தப்ப வருமே, அதே அந்தி அமைதி.

வாசல்ல மணி அடிக்குது, ஃபிரான்சிஸ் குதிச்சு ஓடுறா, அந்த அமைதி உடையுது, பெரனிஸ் நாற்காலிலயே இருக்காங்க.